மூன்றாம் ஊசியும் நான்காம் ஊசியும்

ஜூன் 4, செவ்வாய்

சாத்தூரில் கட்டினால் சந்திர மண்டலத்தில் கேட்கும் ஒலிபெருக்கிகளுக்குச் சொந்தக்காரனும், 'கூடலிங்கம் சவுண்டு சர்வீஸ்' என்னும் பேரரசின் ஒரே மன்னனும் ஒரே சிப்பாயுமாகிய நான் இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆசைப்பட்டு அல்ல. மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் ரெஜினா அம்மாவின் உத்தரவு. குழந்தை என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை வாந்தி, காய்ச்சல் எவ்வளவு, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். நோட்டை அவ்வப்போது வாங்கிப் பார்ப்பாராம்.

குழந்தை என்றால் கனிஷ்கா. என் தங்கை மாரீஸ்வரியின் மகள். வயது ஐந்து, படிப்பு யு.கே.ஜி., குணம் சக்கரவர்த்தினி. போன மாதம் குளிப்பாட்டும்போது வயிற்றின் இடது பக்கம் கெட்டியாக ஏதோ தங்கச்சி கையில் தட்டுப்பட்டது. சிறுநீரகத்தில் கட்டி. புற்றுநோய். நான்கு வாரம் ஊசி போட்டுக் கட்டியைச் சுருக்கிவிட்டு, அதன் பிறகு அறுத்து எடுப்பார்கள்.

மாப்பிள்ளை ஜோதிமுருகன் சார்ஜாவில். தங்கச்சி கையில் பிறந்து நாற்பது நாளான ஆண் குழந்தை. ஆக, இந்தப் போருக்குத் தளபதி நான்தான்.

"ஊசி போடும்போது நீதாண்ணே பிடிச்சுக்கணும். காது குத்துனது உன் மடியில, மொட்டை போட்டது உன் மடியில. புள்ளைக்கு வலிக்கிற காரியம்லாம் தாய்மாமன் மடியிலதான் நடக்கணும்" என்றாள் மாரீஸ்வரி.

பிடித்துக்கொண்டேன். கனிஷ்கா போட்ட சத்தத்தில் மதுரைப் புறாக்கள் எல்லாம் கிளம்பி ராமேஸ்வரத்தில் போய் இறங்கியிருக்கும். என் சட்டையில் இரண்டு பொத்தான் காலி.

வாந்தி ஐந்து. காய்ச்சல் இல்லை. சாப்பாடு, அரை இட்லி.

ஜூன் 5

வாந்தி இரண்டு. ரசம் சாதம் நாலு வாய். பெரிய மாரியம்மன் கோயில் தெருவில் சடங்கு வீட்டுக்கு மைக் செட் கட்டினேன். சின்னவனின் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டது நான். உலக வரலாற்றில் எந்த மன்னனும் கைக்குழந்தைத் துணி பிழிந்ததாகத் தகவல் இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

வாராவாரம் மதுரைக்கு அலைய வேண்டாம் என்று டாக்டரம்மா கடிதம் கொடுத்துவிட்டார். இரண்டு, மூன்று, நான்காவது வார ஊசிகளை உள்ளூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்ளலாம். மஞ்சள் அட்டை ஒன்று உண்டு. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கட்டம். ஊசி போட்டதும் அங்கே உள்ள நர்ஸ் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை மதுரையில் காட்ட வேண்டும்.

இன்று இரண்டாவது. நான் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் கனிஷ்கா அழவில்லை. மொபெட்டில் எப்போதும் முன்னால் நின்று ஹாரன் அடிப்பவள், இன்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.

"மாமாகூட டூவா?" என்றேன்.

"நீதான என்னைப் பிடிச்சுக் குடுத்த."

"நானா? நான் உன்னோட படைத்தளபதில்ல?"

"இல்ல. நீ அவங்க ஆளு."

வீட்டுக்குப் போனதும் அவள் தன் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டு, "மாமா வேணாம். மாமாவைப் போகச் சொல்லு" என்றாள். எனக்குச் சிரிப்பாக வந்தது. சிரிப்பாகத்தான் வந்தது என்று எழுதுகிறேன்.

வாந்தி ஒன்று. கால் வலி என்கிறாள்.

ஜூன் 16

தலையணையில் முடி. தங்கச்சி அதைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கனிஷ்கா இன்னும் என்னோடு பேசவில்லை. ஐந்து நாள். ஐந்தாயிரம் ஆண்டு.

ஜூன் 18, செவ்வாய்

மூன்றாவது ஊசி இனிதே நிறைவேறியது! கனிஷ்கா ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. வீராங்கனை என்றால் இவள்தான் வீராங்கனை. போகும்போது பின்னால் உட்கார்ந்து போனவள், திரும்பும்போது முன்னால் நின்று சாத்தூர் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு வந்தாள். "என் மாமாதான் மாமா" என்று வீட்டு வாசலிலேயே அறிவிப்பு. அட்டையில் கையெழுத்தும் ஆயிற்று.

வாந்தி இல்லை. சாப்பாடு: கோன் ஐஸ் ஒன்று, காராச்சேவு ஒரு பிடி, இரவு தோசை இரண்டு.

ஜூன் 19

வாந்தி இல்லை. காய்ச்சல் இல்லை. "இந்த வாட்டி ரெட்டை மருந்துன்னாங்க. ஆனாலும் உடம்பு ஏத்துக்கிருச்சு போலண்ணே. சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்றாள் தங்கச்சி.

ஆம்ப்ளிஃபயரில் ஒரு ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினேன்.

ஜூன் 25, செவ்வாய்

நான்காவது ஊசி நிறைவேறியது. வாந்தி இல்லை. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 26

உள்ளூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ராங் நம்பர். நாலு நிமிடம் பேசினேன்.

ஜூலை 2, செவ்வாய்

மதுரை. ஸ்கேன். டாக்டர் ரெஜினா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தார். மறுபடி புதுப் படம்.

"பாதியாவது சுருங்கியிருக்கணும்" என்றார். "கொஞ்சம்தான் சுருங்கியிருக்கு."

மஞ்சள் அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். நாலு கட்டமும் நிரம்பியிருந்தது. பிறகு இந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். புறாக்கள் ராமேஸ்வரம் போன இடத்தில் லேசாகச் சிரித்தார். ஜூன் 18 பக்கத்தில் நின்றார்.

"மூணாவது வாரம் வாந்தியே இல்லையா?"

"இல்லம்மா."

"ஆச்சரியமா இருக்கே. அந்த மருந்துக்கு வரணுமே."

"எங்க வம்சமே இரும்பு வயிறும்மா. எங்க தாத்தா ஒரு பந்தியில நாப்பது பணியாரம் தின்னுட்டு, பாத்திரத்தையும் கடிச்சுப் பாத்தவரு."

தங்கச்சிகூடச் சிரித்துவிட்டாள். டாக்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அறையின் மூலையில் ஒரு மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று இறக்கை. அது எனக்கு நன்றாகத் தெரியும். வெகுநேரம் பார்த்தேன்.

ஜூலை 8, திங்கள்

அறுவை. நாலரை மணி நேரம். இடது சிறுநீரகத்தோடு கட்டியை எடுத்துவிட்டார்கள். கனிஷ்கா கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். அதன் பிறகு என்னைக் கேட்டாள். அம்மாவைக் கேட்பதற்கு முன்பே என்னை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

ஜூலை 13

ஆஸ்பத்திரி கேன்டீனில் தயிர்சாதம். சின்னவனுக்குச் சளி. சார்ஜாவிலிருந்து மாப்பிள்ளை வீடியோவில் வந்து, "மச்சான், நீங்க இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்னே தெரியல" என்றார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 19, வெள்ளி

கட்டியைச் சோதித்த ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, அவசரப்படாமல் சொன்னார்.

"இந்தக் கட்டிக்குள்ள பல வகை செல் இருக்கும்மா. அதுல ஒரு வகை, கருவுல இருக்கிற மாதிரி பச்சை செல். மருந்து உள்ள போனா முதல்ல சாக வேண்டியது அதுதான். கனிஷ்காவுக்கு அதுதான் பெரும்பாலும் உயிரோட இருக்கு. நாலு வாரம் மருந்து போயும் அது சாகலேன்னா, மருந்துக்கு மசியாத ரகம்னு எடுத்துக்கணும். எங்களுக்கு அதுதான் அடையாளம்."

"அப்படின்னா?" என்றாள் மாரீஸ்வரி.

"லேசான மருந்து போதாது. கடுமையானதுக்குப் போகணும். அதுல ஒண்ணு இதயத்தைக் கொஞ்சம் பலவீனமாக்கலாம். இன்னொண்ணு, அவ பெரியவளானப்புறம் குழந்தை பெத்துக்கறதுல சிக்கல் கொடுக்கலாம். தேவையில்லாம அதைக் குடுக்க எனக்கும் மனசு வராது. கட்டியில ஒரு துண்டை மரபணு சோதனைக்கும் அனுப்பியிருக்கோம். குரோமோசோம்ல ஒரு பகுதி கூடுதலா இருந்தா, இது திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம். அதுவும் ஒரு அடையாளம். முடிவு வர பத்துப் பன்னெண்டு நாள் ஆகும்."

தங்கச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"ஒரு வாரம்கூட விடாமக் கொண்டுபோய்ப் போட்டோமே டாக்டர். எங்கண்ணன் தன் வேலையெல்லாம் விட்டுட்டு, வெயில்னு பாக்காம, ஒரு வாரம்கூட…"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஜூலை 20, சனி

இந்த நோட்டில் ஜூன் 18-ஆம் தேதியும் 25-ஆம் தேதியும் நான் எழுதியவை பொய்.

ஜூன் 18 அன்று நடந்தது இது. ஆஸ்பத்திரி வாசலில் மொபெட்டை நிறுத்தினேன். கனிஷ்கா இறங்க மாட்டேன் என்றாள். அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீ நெனைச்சா எல்லாம் செய்வேல்ல? நீதான சொன்ன, கலெக்டரே உனக்குப் பயப்படுவாருன்னு. ஊசி வேணாம்னு சொல்லு மாமா" என்றாள். ஒரு வாரம் கழித்து என்னோடு பேசிய முதல் பேச்சு.

நான் நினைத்தால் எல்லாம் செய்வேன். வண்டியைத் திருப்பினேன். ஐஸ்கிரீம் கடைக்குப் போனோம். "அம்மா கேட்டா ஊசி போட்டாச்சுன்னு சொல்லணும். இது நம்ம ராணுவ ரகசியம்" என்றேன். அவள் நெற்றியில் கை வைத்து சல்யூட் அடித்தாள். அட்டையில் கையெழுத்தை நான் போட்டேன். இரண்டாவது வாரக் கட்டத்தில் இருந்ததைப் பார்த்துப் போட்டேன். கஷ்டமாகவே இல்லை.

அடுத்த நாளே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இந்த வரியும் பொய்யா என்று எனக்கே தெரியவில்லை.

நான்காவது வாரம் அவளே ஓடி வந்து வண்டியில் ஏறினாள். "மாமா, இன்னைக்கும் ஐஸ் ஊசிதான?" என்றாள். அதற்கு மேல் போய் நிஜ ஊசி போட்டால், போன வார ஊசி எங்கே என்று நர்ஸ் கேட்பாள். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, "மதுரையிலயே போட்டாச்சு சிஸ்டர்" என்றேன். மதுரையில் சாத்தூர்க் கையெழுத்தைக் காட்டினேன். இரண்டு ஊருக்கும் நடுவில் நான் ஒருத்தன்தான்.

பாசம் என்று எழுதினால் எழுதலாம். எழுத மாட்டேன். அவள் என்னை வேண்டாம் என்று சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. கெட்ட பெயர் வாங்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளையிடம் நல்ல பெயர் வாங்க அவள் மருந்தை விலையாகக் கொடுத்தேன்.

இந்த நோட்டு டாக்டர் பார்ப்பது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. சாத்தூரிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, விருதுநகரில் இறங்கி, திரும்பி வந்தேன்.

ஜூலை 22, திங்கள்

சொல்லிவிட்டேன்.

வழி நெடுக ஒரு பெரிய பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன். பத்தாயிரம் பேர் கூடிய கூட்டத்தில் பேசியவன். அறைக்குள் போனதும் வாயில் வந்தது, "மூணாவதும் நாலாவதும் போடலைம்மா" மட்டும்தான்.

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. மஞ்சள் அட்டையை எடுத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"நான்தான்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலு வாரம் மருந்து போயும் உயிரோட இருந்தாத்தான் அது மசியாத ரகம். ரெண்டு வாரம் மருந்தே போகலேன்னா, உயிரோட இருக்கறதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் எதை வெச்சு அளக்கறேனோ அதையே நீங்க கெடுத்துட்டீங்க. புரியுதா?"

"புரியுதும்மா."

"இந்த ரிப்போர்ட்டை நம்பி அடுத்த வாரம் அந்தக் கடுமையான மருந்தை ஆரம்பிச்சிருப்பேன்." அட்டையை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். "இப்பவாவது சொன்னீங்களேன்னு நான் சொல்லப்போறதில்ல."

"சொல்லாதீங்கம்மா."

"மரபணு முடிவு வரட்டும். அதுவரைக்கும் பழைய ஊசியே போடலாம். குழந்தையோட அம்மாகிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்."

"இன்னிக்கே."

வார்டில் தங்கச்சி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். அடிக்கவில்லை, கத்தவில்லை. பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"பாப்பாகிட்ட நான் ரெண்டு தடவை கேட்டனே. போட்டாச்சும்மான்னு சொன்னாளே."

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

"அவளையுமா?" என்றாள். "அவ வாயாலயுமா சொல்ல வெச்ச?"

அதற்குள் கட்டிலிலிருந்து கனிஷ்கா எட்டிப் பார்த்தாள். "மாமா! ரகசியத்தைச் சொல்லிட்டியா? நான் சொல்லவே இல்லையே. அறுத்தப்பகூட நான் சொல்லல!"

இதை எழுதும்போது பேனாவை மூன்று தடவை கீழே வைத்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

ஊசி. இந்தத் தடவை தங்கச்சி மடியில். கைக்குழந்தை என்னிடம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். "மாமா, மாமா" என்றுதான் கத்தினாள்.

வாந்தி மூன்று. காய்ச்சல் 99. தங்கச்சி சொல்லி எழுதியது அல்ல. அவள் என்னோடு பேசுவதில்லை. நானே எண்ணினேன்.

ஜூலை 26

மாப்பிள்ளை போன் செய்தார். தங்கச்சி சொல்லியிருக்கிறாள். ஹலோ என்றார். நானும் ஹலோ என்றேன். பிறகு இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தோம். அவராகவே வைத்துவிட்டார்.

ஆடித் திருவிழாவுக்கு என்று இரண்டு பேர் மைக் செட் கேட்டு வந்தார்கள். வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மரபணு முடிவு வந்தது. டாக்டர் காகிதத்தைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். எனக்கு அதில் ஒரு எழுத்தும் புரியவில்லை.

"அந்தக் கூடுதல் பகுதி இருக்கும்மா" என்றார். "கட்டியிலேயே அந்த அடையாளம் இருக்கு. அதனால கடுமையான மருந்துக்கே போறது நல்லதுன்னு எங்க குழுவுல முடிவெடுத்திருக்கோம்."

இப்போது எழுதப் போவதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. இந்த நோட்டிடம்தான் சொல்ல முடியும். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மூச்சு லேசானது. நெஞ்சில் இருந்த ஆட்டுக்கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி. கட்டியின் பிறவிக்குணமே அது. அப்படியானால் நான் இல்லை. நான் இல்லை, நான் இல்லை. அவள் நோய் பொல்லாதது என்று டாக்டர் சொல்கிறார், நான் உள்ளுக்குள் துள்ளுகிறேன். ஒரு மூச்சு நேரம் இருக்கும். இரண்டு மூச்சு. நான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு பக்கத்தில் மாரீஸ்வரியைப் பார்த்தேன்.

அவள் டாக்டரைப் பார்த்துத்தான் கேட்டாள். "அந்த ரெண்டு ஊசியும் போட்டிருந்தா?"

"தெரியாதும்மா. இந்த அடையாளம் இருந்தும் மருந்துக்கு நல்லா அடங்கின குழந்தைங்களும் உண்டு. கனிஷ்காவோடது அடங்கியிருக்குமா, இருக்காதா, அதைப் பாக்கறதுக்கு அந்த நாலு வாரம்தான் இருந்துச்சு. இனி யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது. என்னைத் தண்டிக்கவும் ஆளில்லை, விடுவிக்கவும் ஆளில்லை.

"குணமாகுமா?" என்றாள் தங்கச்சி.

"குணமான குழந்தைங்க நிறையப் பேர் இருக்காங்க. அதுக்குத்தான் இந்த மருந்து. ஆனா ஒரு வாரம்கூட விடக் கூடாது."

தங்கச்சி என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரும் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

புது மருந்து முதல் நாள். இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள். சரியாக இருக்கிறது. இன்றைக்குச் சரியாக இருக்கிறது.

ஊசி அறைக்கு வெளியே பெஞ்சில் தங்கச்சி அந்த ஓரத்தில், நான் இந்த ஓரத்தில், நடுவில் கனிஷ்கா. தலையில் ஒரு முடி இல்லை. கைக்குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கனிஷ்கா காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள்:

"மாமா, இன்னும் எத்தனை நாளு இங்க வரணும்?"

என் வாயில் கோடி இருந்தது. கோடானுகோடி இருந்தது. நீ பாட்டியாகி, உன் பேரன் பேத்தி எல்லாம் பட்டாளமாகத் திரண்டு வந்து இந்த ஆஸ்பத்திரியை முற்றுகை போடும் வரைக்கும் என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதற்காகத்தான் என்னைக் கேட்டாள். நிஜம் வேண்டுமென்றால் அம்மாவைக் கேட்டிருப்பாள்.

"முப்பத்திநாலு வாரம்" என்றேன்.

அவளுக்கு நூறு வரை எண்ணத் தெரியும். விரல்களை மடக்கத் தொடங்கி, பத்து முடிந்து மறுபடி பத்து போனதும் நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"பொய்யி! மாமா எப்பவும் பெருசு பெருசாத்தான் சொல்லும்."

"பொய் இல்ல பாப்பா."

"பொய்யி, பொய்யி! அம்மா, மாமா பொய் சொல்லுது பாரேன்."

பதினைந்து நாளாக என்னோடு ஒரு சொல் பேசாத மாரீஸ்வரி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இல்லடி. மாமா சொல்றது நெசம்தான்."

கனிஷ்கா சிரிப்பை நிறுத்தினாள். மடக்கிய விரல்கள் அப்படியே இருந்தன. அம்மாவைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று, உள்ளேயிருந்து நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிடும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

என்னிடம் வேறு எதுவும் இல்லை.